நர்சம்மா கேட்ட நாலு கேள்வி

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நமது முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்று நாம் பேசப் போவது கூலியைப் பற்றி அல்ல, பஞ்சப்படியைப் பற்றி அல்ல, போனசைப் பற்றியும் அல்ல. ஊசியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது டாக்டர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பத்தாவது பாஸ் பண்ணியவர்கள் இதில் என்ன பேச இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். மருந்து செய்வது எப்படி என்று சொல்லித்தர நாங்கள் வரவில்லை. அந்த மருந்துக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவே ஒரு தொழிலாளி நிற்கிறாள். அவளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவள்தான் நர்ஸ்.

நர்ஸ் என்றால் யார்? வெள்ளை உடுப்புப் போட்டிருப்பதால் அவள் வேறு வர்க்கமாகிவிடுவாளா? இந்தக் கூட்டத்திலேயே மகளை நர்சுக்குப் படிக்க வைத்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். தாலியை அடகு வைத்துப் படிக்க வைத்தவர்களும் உண்டு. மூன்று ஷிப்ட் பார்க்கிறவள் அவள். ராத்திரி ஷிப்ட் முடித்து விடியற்காலையில் முதல் பஸ் ஏறுகிறவள் அவள். நமக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? நாம் நூலோடு மாரடிக்கிறோம், அவள் நோயோடு மாரடிக்கிறாள். அவ்வளவுதான்.

வெறிச்சோடிய பெஞ்சுகள்

2021 ஜனவரி 16-ந் தேதியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அன்றுதான் நாடெங்கும் 3,006 இடங்களில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 166 இடங்கள். முதலில் மருத்துவ ஊழியர்களுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு என்று ஏற்பாடு. ஓரிடத்துக்கு நாளொன்றுக்கு 100 பேர் என்று கணக்கு வைத்திருந்தார்கள். தோரணம் கட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து காத்திருந்தார்கள்.

ஆனால் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் முதல் நாள், எதிர்பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. பல ஆஸ்பத்திரிகளில் பெஞ்சுகள் வெறிச்சோடிக் கிடந்தன.

வராதவர்கள் யார்? கோழைகளா? 2020-ம் ஆண்டு முழுவதும் அந்த நோயோடு மல்லுக்கட்டியவர்கள்தான். பிளாஸ்டிக் அங்கிக்குள் எட்டு மணி நேரம் வெந்தவர்கள். பெற்ற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு டூட்டிக்குத் திரும்பியவர்கள். நோய்க்குப் பயப்படாத அவர்கள் ஊசிக்குப் பயந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

அப்போது ஊர் என்ன சொன்னது? "நர்சுகளே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் நமக்கு எதற்கு?" என்றது. பெரிய மனிதர்கள் என்ன சொன்னார்கள்? "படித்தவர்களே இப்படி மூடநம்பிக்கையில் கிடக்கிறார்களே!" என்று பழித்தார்கள்.

மறைப்பானேன், தோழர்களே! நாங்களும் அப்படித்தான் பேசினோம். அந்த ஜனவரி மாதக் கடைசியில், நமது பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரைப் பார்க்கப் போனோம். நமது சங்கத்து ஸ்பின்னிங் தொழிலாளி ஒருவரின் மகள். ஒப்பந்த நர்ஸ். கைக்குழந்தைக்காரி. நாலு வார்த்தை கண்டித்துச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனோம். பேசி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஏனுங்கண்ணா, நான் நாலு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லிட்டு அப்புறம் திட்டுங்க" என்றார்.

நாலு கேள்வி

முதலாவது: "மூணாங் கட்டச் சோதனை முடிஞ்சு கணக்கு வந்துருச்சுங்களா?"

இரண்டாவது: "ரெண்டு மருந்து இருக்குதுங்கறாங்க. எது எங்க ஆஸ்பத்திரிக்கு வரும்? இது வேணும், அது வேண்டாம்னு கேக்கற உரிமை எனக்கு உண்டுங்களா?"

மூன்றாவது: "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வருமாம். அந்த ரெண்டு நாள் சம்பளத்தை யார் தருவாங்க?"

நாலாவது கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "எனக்கு ஒண்ணு ஆனா என்னோட போகுதுங்கண்ணா. நாளைக்கு நான் ஊருக்குள்ள போய் நாலு பேருக்குப் போட்டுக்கச் சொல்றேன். அதுல ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, அந்த வாசல்ல போய் நிக்கறது யாரு? நீங்களா, நானா?"

எங்களிடம் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. கண்டிக்கப் போனவர்கள் வாயடைத்துப்போய்த் திரும்பி வந்தோம்.

இந்தக் கேள்விகளில் எது மூடநம்பிக்கை? ஒன்றும் இல்லை. மில்லில் புது மெஷின் வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? ஃபிட்டர் ஓட்டிக் காட்டட்டும், கவசம் சரியாக மூடுகிறதா என்று பார்க்கட்டும் என்கிறோம். பிறகுதான் கை வைக்கிறோம். 1960-களில் ஐ.ஆர்.8 நெல் வந்தபோது நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு போகம் பக்கத்து வயலைப் பார்த்துவிட்டுத்தான் விதைத்தார்கள். கையை இழந்தால் முதலாளி திருப்பித் தரமாட்டான் என்று தெரிந்தவன் யோசித்துத்தான் கை வைப்பான். அதற்குப் பெயர் மூடத்தனம் அல்ல, அனுபவம்.

கேள்விக்கு விடை தேடினோம்

சங்கத்தில் கூடிப் பேசினோம். டாக்டர்களைப் பார்த்தோம். நமது டாக்டர் நண்பர்கள் பொறுமையாக விளக்கினார்கள். எங்களுக்குப் புரிந்ததைச் சொல்கிறோம்.

முதல் கேள்வி. இரண்டு மருந்துகளுக்கும் சர்க்கார் அனுமதி கொடுத்த தேதி 2021 ஜனவரி 3. கோவிஷீல்டுக்கு அயல்நாடுகளில் நடந்த மூன்றாங் கட்டச் சோதனையின் கணக்கு அப்போதே வெளியாகியிருந்தது. கோவாக்சினோ செத்த கிருமியைக் கொண்டு செய்யும் மருந்து. முறை பழைய முறை, நம்பிக்கையான முறை. அதற்கான கிருமியைப் பிரித்துக் கொடுத்தது புனேயில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சி நிலையம். ஆனால் அனுமதி கொடுத்த நாளில் அதன் மூன்றாங் கட்டச் சோதனை முடிந்திருக்கவில்லை. "சோதனை முறையில்" என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தார்கள். சுமார் 25,800 பேரை வைத்து நடந்த அந்தச் சோதனையின் முதல் கணக்கு 2021 மார்ச் 3-ந் தேதிதான் வெளியாயிற்று. 81 சதம் பலன் என்றார்கள். முழுக் கணக்கு வந்தபோது அது 77.8 சதம்.

அதாவது மருந்து நல்ல மருந்துதான். ஆனால் ஜனவரியில் அந்த நர்ஸ் கேள்வி கேட்டபோது அதை நிரூபிக்கும் காகிதம் கையில் இல்லை. சாமான் நல்லதாயிருக்கலாம், பில் வரவில்லை. பில் எங்கே என்று கேட்டவளைப் பார்த்து "உனக்கு விஞ்ஞானம் தெரியாது" என்று சொன்னது எந்த ஊர் நியாயம்? விஞ்ஞானம் என்பதே பில்லைக் கேட்பதுதானே!

இரண்டாவது கேள்வி. தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு எது வந்ததோ அதுதான். கோவாக்சினுக்கு மட்டும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மருந்தினால்தான் கடுமையான கேடு என்று நிரூபணமானால் கம்பெனி நஷ்டஈடு தரும் என்று அதில் இருந்தது. கையெழுத்து வாங்குவதால் மட்டும் சம்மதம் ஆகிவிடாது, தோழர்களே. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிற முதலாளிகளை நாம் பார்த்ததில்லையா? என்ன எழுதியிருக்கிறது என்று தாய்மொழியில் சொல்லி, கேட்ட கேள்விக்கு விடை சொல்லி, "வேண்டாம்" என்று சொல்லவும் இடம் கொடுத்தால்தான் அது சம்மதம். 2022 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒன்று வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போடக்கூடாது, சோதனைக் கணக்குகளையும் பக்கவிளைவுக் கணக்குகளையும் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று அது சொன்னது. நர்சம்மா ஜனவரியில் கேட்டதைக் கோர்ட்டு அடுத்த வருஷம் மே மாதம் சொன்னது.

மூன்றாவது கேள்வி. இது நமக்கு நன்றாகப் புரிகிற கேள்வி. தமிழ்நாட்டில் 2015-ல் பரீட்சை எழுதித் தேர்வான ஒப்பந்த நர்சுகளுக்குத் தொடக்கத்தில் கொடுத்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தார்கள். நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் கூடித் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகுதான் சம்பளம் ஓரளவு ஏறியது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுத்த நர்சுகளில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலையில்லை என்று அனுப்பப்பட்டார்கள். கைதட்டியவர்கள், விளக்கேற்றியவர்கள், பூத் தூவியவர்கள் எல்லாம் அன்று எங்கே போனார்கள்? "உன்னை நாளைக்கு வைத்துக்கொள்வேனா என்று தெரியாது, ஆனால் என்னை நம்பி இன்று ஊசி போட்டுக்கொள்" என்றால் எவளுக்கு நம்பிக்கை வரும்? மருந்தின் மீது சந்தேகம் கொஞ்சம்தான். மருந்தைக் கொடுக்கிற கையின் மீது சந்தேகம் அதிகம்.

யார் வாசலில் நிற்பது?

இனி நாலாவது கேள்வி. இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. தான் போட்டுக்கொள்வது ஒரு காரியம். பிறரைப் போட்டுக்கொள்ளச் சொல்வது வேறு காரியம்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நாலு பச்சைக் குழந்தைகள் இறந்துபோயின. அதன்பின் சில காலம், கிராமத்துக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போடுவது என்று தமிழ்நாடு சர்க்கார் மாற்றியது. கிராம நர்ஸ் எவரும் அதை மறக்கவில்லை. மருந்து செய்த கம்பெனி ஊருக்குள் வருவதில்லை. உத்தரவு போட்ட அதிகாரியும் வருவதில்லை. ஊசி பிடித்த கை எது என்றுதான் ஊர் பார்க்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்போது அங்கே வரவழைக்கப்பட்ட ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக்குக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். கருங்கடல் கரையிலுள்ள ஒடெஸ்ஸாவில் பிறந்தவர் அவர். 1897 ஜனவரி 10-ந் தேதி அந்த ஊசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பிறகுதான் பிறருக்கு. அப்படிப்பட்ட மனிதருக்கு நேர்ந்தது என்ன? 1902-ல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. வேலையிலிருந்து விலக்கிவைத்தார்கள். அவர் மீது குற்றமில்லை என்று ஏற்க 1907 ஆயிற்று. மருந்து நல்லதாயிருந்தும் ஒரு புட்டி கெட்டதால் 19 உயிரும் போய், ஒரு மனிதரின் மானமும் போயிற்று.

2021-லும் அப்படி ஒரு வதந்தி கிளம்பியதே! நடிகர் விவேக் ஏப்ரல் 15-ந் தேதி ஊசி போட்டுக்கொண்டார். நாலு பேருக்கு நல்லது சொல்லத்தான் முன்வந்து போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பில் காலமானார். இருதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததென்று டாக்டர்கள் சொன்னார்கள். மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று பின்னர் விசாரணையிலும் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துவைத்து வதந்தி ஊர் ஊராக ஓடியது. அன்றைக்கு வதந்திக்குப் பதில் சொன்னது யார்? வீட்டுக்கு வீடு போன கிராம நர்சுகள்தான். எத்தனை வசவு வாங்கினார்கள் தெரியுமா?

ஊசியால் ஒரு கேடும் வராது என்று நாங்கள் சொல்லவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக மிக அரிதாக ரத்தம் உறைந்து ஆபத்து நேரலாம் என்று 2021-லேயே டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பெனியும் பிரிட்டிஷ் கோர்ட்டில் அதை ஒப்புக்கொண்ட செய்தி 2024-ல் வெளியாயிற்று. இதை முன்கூட்டியே திறந்த மனதோடு ஜனங்களிடம் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? பஸ்ஸில் போனால் விபத்து நேரலாம் என்று தெரிந்துதான் பஸ் ஏறுகிறோம். மறைத்தால்தான் சந்தேகம் வளரும்.

வேலூர் சொன்ன கணக்கு

நிறையில் ஒரு தட்டைப் பார்த்தோம். இன்னொரு தட்டையும் பார்க்க வேண்டாமா?

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ், மற்ற ஊழியர் எல்லாமாகச் சுமார் 10,600 பேர். 2021 பிப்ரவரி 21 முதல் மே 19 வரை, அதாவது இரண்டாவது அலை அடித்த அதே நாட்களில், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அங்குள்ள டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். இரண்டு ஊசியும் போட்டவர்கள் 7,080 பேர். ஒரு ஊசியும் போடாதவர்கள் 1,609 பேர். ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் வந்தது. இரண்டும் போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்கள், போடாதவர்களில் ஆயிரத்துக்கு 40 பேர், போட்டவர்களில் ஆயிரத்துக்கு 9 பேர். தீவிர சிகிச்சைக்குப் போனவர்கள், போடாத 1,609 பேரில் 8 பேர், போட்ட 7,080 பேரில் இரண்டே பேர். நோய் தொடங்கிய நாள் முதல் அங்கே இறந்த ஊழியர் ஒரே ஒருவர். அவர் ஊசி போட்டுக்கொள்ளாதவர். வேறு வியாதிகளும் அவருக்கு இருந்தன.

இது அமைச்சர் பிரசங்கம் அல்ல, கம்பெனி விளம்பரமும் அல்ல. நம்முடைய ஊழியர்களின் உடம்பே எழுதிக் கொடுத்த கணக்கு. இதைப் படித்த பிறகும் ஊசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நாங்கள் செய்ததும் செய்யத் தவறியதும்

வேலூர்க் கணக்கு பின்னால் வந்தது. பிப்ரவரியில் எங்கள் கையில் இருந்தது டாக்டர்களின் விளக்கம் மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த நர்சிடம் போனோம். இந்த முறை கண்டிக்கப் போகவில்லை. "உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில் கிடைத்தது. இது தெரியும், இது இன்னும் தெரியாது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். அவரும் மற்ற நர்சுகளும் கூடிப் பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் போடாமல் ஷிப்ட் ஷிப்டாகப் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் சம்பளம் பிடிக்காமல் லீவு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் கூடப் போய் நின்றோம். நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அந்த வாரமே அவர் போட்டுக்கொண்டார். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் கைவலி, அத்தோடு சரி.

மார்ச் மாதம் நமது விவசாயத் தொழிலாளர் தெருவுக்கு அவர் வந்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. "நான் போட்டுக்கிட்டேனுங்க. காய்ச்சல் வந்துது, போயிருச்சு. குழந்தையும் நல்லா இருக்குது. உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எனக்குப் போன் பண்ணுங்க, நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான். ஒலிபெருக்கி கட்டி ஒரு மாதம் கத்தியதில் நடக்காத காரியம் அன்று நடந்தது. களையெடுத்துவிட்டு வந்த பெண்கள் சேற்றுக் காலோடு வரிசையில் நின்றார்கள். "நான் வர்றேன்" என்ற வார்த்தைக்குத்தான் அவர்கள் நின்றார்கள். நாலாவது கேள்விக்கு அவரே விடை சொல்லிவிட்டார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் சுயவிமர்சனம் செய்யாமல் போனால் அது நேர்மை அல்ல.

அதே ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் ஆயா ஒருவர் இருந்தார். காண்டிராக்டர் ஆள். புருஷன் இல்லாதவர். நமது விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்மணிதான். நர்சுகளிடம் நாங்கள் பேசினோம், நர்சுகளோடு நிர்வாகம் பேசியது. அந்த அம்மாளிடம் பேசியது யார்? ஒருவரும் இல்லை. அவருக்கும் கேள்விகள் இருந்திருக்கும். இரண்டு நாள் போகாவிட்டால் காண்டிராக்டர் வேறு ஆளை வைத்துவிடுவான் என்ற பயம் இருந்தது. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் போட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் அதே வார்டில், தான் கூட்டிப் பெருக்கிய வார்டில், படுத்துக் கண்ணை மூடினார். பக்கத்தில் நின்று கண்ணை மூடிவிட்டது அந்த நர்ஸ்தான்.

நர்சைக் கேட்க மறந்த சர்க்காரைக் குறை சொன்னோம். ஆயாவைக் கேட்க மறந்த நாங்கள் யாரைக் குறை சொல்வது? தோழர்களே, இந்தக் குற்றத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இனி ஒரு முறை அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கூட்டமே.

கேட்டபோது கிடைக்கவில்லை

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். ஜனவரியில் மருந்து இருந்தது, ஆள் வரவில்லை. மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்டது. ஜனங்கள் விடியற்காலையில் வரிசையில் வந்து நின்றார்கள். அப்போது ஆள் இருந்தார்கள், மருந்து இல்லை! வந்த ஜனங்களை "இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பி ஏச்சு வாங்கியது யார்? மறுபடியும் நர்ஸ்தான்.

ஏன் மருந்து இல்லை? நமக்கு மருந்து செய்யத் தெரியாதா? கிண்டியில் பி.சி.ஜி. மருந்துச்சாலையும், குன்னூரில் பாஸ்டர் நிலையமும் வெகுகாலமாக நம் குழந்தைகளுக்கு மருந்து செய்து கொடுத்தன. இவை சர்க்காரின் சொத்து. புதிய உற்பத்தி விதிகளின்படி கட்டிடமும் கருவியும் இல்லை என்று சொல்லி, கசௌலி நிலையத்தோடு சேர்த்து இவற்றின் லைசென்சை 2008 ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள். 2010-ல்தான் அந்தத் தடை நீங்கியது. விதி வேண்டியதுதான். ஆனால் வீடு ஒழுகினால் ஓடு மாற்றுவார்களா, வீட்டைப் பூட்டுவார்களா? செங்கல்பட்டில் 100 ஏக்கரில் தடுப்பூசித் தொழிற்சாலை ஒன்றுக்கு 2012-ல் ஒப்புதல் கொடுத்துப் பல நூறு கோடி செலவில் கட்டினார்கள். 2021 மே மாதம், ஜனங்கள் ஊசிக்கு அலைந்தபோது, அது சும்மா கிடந்தது.

அந்த மே 1-ந் தேதி முதல், பாதி மருந்தை மாகாண சர்க்கார்களும் தனியார் ஆஸ்பத்திரிகளும் கம்பெனியிடம் நேரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய்க்குக் கிடைத்த அதே கோவிஷீல்டுக்கு மாகாணங்களிடம் முதலில் 400, பிறகு 300 ரூபாய், தனியாரிடம் 600 ரூபாய் என்று கம்பெனி விலை சொன்னது. ஒரே மருந்து, மூன்று விலை! சுப்ரீம் கோர்ட்டே அந்தக் கொள்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஜூன் 7-ந் தேதி பிரதமர் கொள்கை மாற்றத்தை அறிவித்தார். ஜூன் 21 முதல் மாகாணங்களின் பங்கையும் மத்திய சர்க்காரே வாங்கி இலவசமாகக் கொடுத்தது. வழிக்கு வந்தார்கள், ஆனால் தாமதமாக வந்தார்கள்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

"அதுதான் முடிந்த கதையாயிற்றே" என்பீர்கள். முடியவில்லை. அடுத்த ஊசி நம் வாசலுக்கு வருகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எத்தனை தாய்மார்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று நம் தெருக்களுக்குத் தெரியும். வெட்கத்தால் சொல்லாமல், கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல், முற்றிய பிறகு போய்த் திரும்பாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! 2020 கணக்கின்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் 77,000 பெண்களுக்கு மேல் இந்த நோயால் இறந்தார்கள். இதைத் தடுக்க ஊசி இருக்கிறது. நம் நாட்டிலேயே செய்த ஊசிக்கு 2022 ஜூலையில் அனுமதி கிடைத்தது. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இதைப் போடுவதாகத் தமிழ்நாடு சர்க்கார் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது.

இதிலும் பழைய காயம் ஒன்று உண்டு. 2009-ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதராவிலும், அயல்நாட்டு அமைப்பு ஒன்றின் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசி போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் கம்மத்தில் ஹாஸ்டலில் இருந்த ஏழைச் சிறுமிகளுக்குத் தாய் தகப்பனைக் கேட்காமல் வார்டனே கையெழுத்துப் போட்டது வெளியாயிற்று. 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். 2013-ல் பார்லிமெண்ட் கமிட்டி கடுமையாகக் கண்டித்தது. நல்ல ஊசிதான். ஏழை வீட்டுப் பெண்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்ற மமதை அதைக் கெடுத்தது. அந்த மமதையால் எத்தனை வருஷம் வீணாயிற்று, அதற்குள் எத்தனை தாய்மார்கள் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, ஊசி வரும்போது நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, நர்சம்மா வந்தால் திண்ணையில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், கேள்வி கேளுங்கள். "நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? உங்கள் மகளுக்குப் போடுவீர்களா?" என்று கேளுங்கள். தப்பே இல்லை. அவருக்குத் தெரியாததைத் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னால் அவரை நம்புங்கள். எல்லாம் தெரியும் என்பவனைவிட அவர் நேர்மையானவர்.

இரண்டாவதாக, ஊசி போடும் நாளும் மறுநாளும் மில்லில் சம்பளத்தோடு லீவு கேட்போம். நர்சுக்குக் கேட்பதை ஆயாவுக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்தே கேட்போம். வயலில் கூலி போகாமல் இருக்க, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் தாய்க்குத் தெருவே துணை நிற்கட்டும்.

மூன்றாவதாக, சோதனைக் கணக்கும் பக்கவிளைவும் நஷ்டஈடும் தமிழில் எழுதி ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று கேட்போம். தாய் தகப்பனைக் கேட்காமல் எந்தக் குழந்தைக்கும் ஊசி கூடாது.

நாலாவதாக, நர்சுகள் நிரந்தரம் கேட்டுத் தரையில் உட்காரும்போது நாமும் பக்கத்தில் உட்காருவோம். நாளைக்கு இருப்போமா மாட்டோமா என்று தெரியாதவள் நம் குழந்தைகளுக்கு எப்படி உறுதி சொல்வாள்?

அந்த நர்ஸ் நாலாவது கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "அந்த வாசல்ல போய் நிக்கறது யாரு, நீங்களா, நானா?" அன்று பதில் சொல்லாமல் திரும்பி வந்தோம். இன்று உங்கள் எல்லோர் சார்பிலும் பதில் சொல்கிறோம்: அம்மா, நீங்கள் தனியாக நிற்க வேண்டாம். நாமும் கூட வந்து நிற்போம்!